நேற்று இந்தக் கை என்ன செய்தது?

(உடலியல் மருத்துவமும் மறுவாழ்வும் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை பிறந்த கதையை வரவேற்புரையில் கேட்டீர்கள். பக்கவாதத்தில் விழுந்த மனைவியை ஒன்பது ஆண்டுகள் உடனிருந்து பார்த்துக்கொண்ட ஒரு பள்ளி ஆசிரியர், தம் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வைத்த தொகை இது. "உயிரக் காப்பாத்துன டாக்டருங்களுக்கு மேடை நிறைய இருக்கு. அதுக்கப்புறம் வர்ற காலத்தப் பத்திப் பேச ஒரு மேடை வேணும்" என்று அவர் சொன்னாராம். அந்த "அதுக்கப்புறம்" என்ற சொல்தான் என் துறை. உடலியல் மருத்துவமும் மறுவாழ்வும் என்று பெயர்ப்பலகையில் எழுதுகிறோம். பி.எம்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்கிறோம். நோயாளிகள் பெரும்பாலும் "எக்சர்சைஸ் டிபார்ட்மென்ட்" என்கிறார்கள்.

ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன். பிழை என்னுடையது.

பட்டமேற்படிப்பு மாணவனாக இருந்த காலம். கொத்தனார் ஒருவர் வலப்பக்க வாதத்தோடு எங்கள் வார்டில் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆறு வாரங்களில் கை நன்றாகத் தேறியது. தசைவலுவை 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு அளப்பது எங்கள் வழக்கம். அவர் கைக்கு 4 போட்டேன். "நல்ல முன்னேற்றம்" என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து ஒரு சான்றிதழுக்காக வந்தார். மறுபடி அளந்தேன். அதே 4. எனக்கு மகிழ்ச்சி. அப்போது உடன் வந்திருந்த அவர் மனைவி சொன்னார்: "கை நல்லாத்தான் இருக்கு டாக்டர். ஆனா வீட்டுல அதத் தொடுறதே இல்ல. சோறுகூட எடது கையில ஸ்பூன் புடிச்சித்தான். நாலு பேரு முன்னால எப்படி எடது கையால சாப்புடறதுன்னு கல்யாணம் காட்சிக்கே போறதில்ல."

கோப்பில் அந்தக் கைக்கு 4 மதிப்பெண். வீட்டில் அது ஒரு விருந்தாளி. நான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அந்த அம்மாள் சொன்னதை ஆராய்ந்தவர்கள் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. மற்றத் துறைகளின் ஆராய்ச்சி "உடம்பில் என்ன நேர்ந்தது?" என்று கேட்கிறது. எங்கள் துறை முன்னேறிய ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் வேறொரு கேள்வியைக் கேட்டிருக்கிறார்: "நேற்று இந்தக் கை என்ன செய்தது?" மிக எளிய கேள்வி. அதனால்தான் கேட்க மறந்துவிடுகிறோம்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

இந்தக் கேள்வியின் வரலாறு நம் மண்ணோடு நெருங்கியது. 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். அங்கே மருத்துவம் படிப்பதற்கு முன்னால் சில ஆண்டுகள் கட்டட வேலை கற்றார். செங்கல் அடுக்கவும் மரம் இழைக்கவும் தெரிந்த பிறகுதான் அவர் அறுவைக் கத்தியைத் தொட்டார். ஒரு வகையில் அவரும் கொத்தனார்தான்.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தவர், அடுத்த ஆண்டு செங்கல்பட்டை அடுத்த திருமணியிலிருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அதன் தலைவர் ராபர்ட் காக்ரேன் தோல் மருத்துவர், தொழுநோயில் பெரும் புலமை உள்ளவர். வழியெங்கும் விரல்கள் உள்ளே மடங்கிக் கிடந்த கைகள். இவற்றுக்கு எலும்பு மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிராண்ட் கேட்டார். எவரும் திரும்பிப் பார்த்ததில்லை என்றார் காக்ரேன். லட்சக்கணக்கானவர்களின் கைகளை முடக்கிய நோய் அது. ஆனால் கையையே தொழிலாகக் கொண்ட மருத்துவர்கள் அதைப் பற்றி ஆராய்ந்ததே இல்லை.

பிராண்ட் ஓர் இளைஞரின் மடங்கிய கையைப் பிடித்து, தம் கையை இறுக்கச் சொன்னார். செத்துப்போன கை என்று நினைத்துச் சொன்னது. அந்த இளைஞர் இறுக்கிய இறுக்கில் பிராண்ட் வலியால் துடித்துப்போனார். பிடித்தவருக்கு அது தெரியவில்லை. அவர் முகத்தில் சாந்தம்.

அந்த ஒரு பிடியில் இரண்டு உண்மைகள் இருந்தன. ஒன்று, இந்தக் கைக்கு உணர்வு இல்லை. மற்றது, இந்தக் கைக்கு வலு இருக்கிறது. முடங்கிப்போன கை எப்படி இவ்வளவு வலுவோடு இருக்கும்? இறந்த ஒரு நோயாளியின் உடலைக் கூறாய்ந்து, நரம்புகளை அங்குலம் அங்குலமாகத் தொடர்ந்து பார்த்தபோது விடை கிடைத்தது. நரம்பு எல்லா இடத்திலும் வீங்கியிருக்கவில்லை. முழங்கைக்கு மேலே, மணிக்கட்டுக்கு மேலே, முழங்கால் ஓரத்தில், கணுக்காலில் என்று தோலுக்கு அருகே ஓடும் இடங்களில்தான் வீங்கியிருந்தது. தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. அந்த இடங்களுக்கு மேலேயே கிளை பிரிந்து போகும் தசைகளுக்குக் கேடில்லை. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்திருந்தாலும் முன்கையின் பெரிய தசைகளில் பல முழு வலுவோடு இருந்தன.

கட்டட வேலை தெரிந்தவருக்கு அடுத்த படி தெளிவு. ஒரு பக்கம் கயிறு அறுந்திருக்கிறது, இன்னொரு பக்கம் உபரியாக ஒரு கயிறு இருக்கிறது, மாற்றிக் கட்டு. முன்கையின் நல்ல தசையொன்றின் நாணை எடுத்து விரல்களுக்குப் பிரித்துக் கட்டும் அறுவையைத் தொழுநோயாளிகளின் கைகளில் 1948இல் தொடங்கினார். அது கத்தியோடு முடியும் வேலையில்லை. மூன்று வாரம் மாவுக்கட்டு. அது பிரிந்த பிறகு, நேற்றுவரை மணிக்கட்டைத் தூக்கிய தசைக்கு, இனி நீ விரலை நிமிர்த்த வேண்டும் என்று மூளை புதிதாகச் சொல்லிப் பழக வேண்டும். கண்ணால் பார்த்துப் பார்த்து, மெழுகை உருட்டி, மரத்துண்டைப் பிடித்து, இயன்முறைச் சிகிச்சையாளர் பக்கத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் செய்யும் பயிற்சி. அறுவை மருத்துவரின் வேலை சில மணி நேரம். மிச்சம் முழுவதும் மறுவாழ்வு மருத்துவம்.

உதிர்வதும் தேய்வதும்

தொழுநோய் வந்தால் விரல் அழுகி உதிரும் என்று ஊரும் நம்பியது, மருத்துவமும் நம்பியது. இத்தனை அறுவை செய்து நிமிர்த்திய விரல் நாளை உதிர்ந்துவிட்டால் என்ன பயன் என்று கேட்டவர்கள் பலர். கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேட பிராண்ட் நுண்ணோக்கியை மட்டும் நம்பவில்லை. காயத்தோடு வரும் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, நேற்று என்ன செய்தாய் என்று விசாரித்தார்.

ஒரு கிடங்கறையின் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. அங்கே நின்ற தொழுநோய்ச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்தான். தரையில் ரத்தம் சொட்டியது. பார்த்தால், சாவி அவன் விரலை எலும்புவரை கிழித்திருந்தது. நமக்கென்றால் தோல் கிழியும் முன்பே வலி நம்மை நிறுத்திவிடும். வலி நிறுத்தாத கை, வலு உள்ளவரை திருப்பிக்கொண்டே போகும்.

இதற்குப் பின் நோயாளிகளே துப்பறிவாளர்கள் ஆனார்கள். வேலூரில் அமைந்த நவஜீவ நிலையத்தில் இளைஞர்கள் மரவேலை செய்தபடி தங்கள் கைகளைத் தினமும் சோதித்தார்கள். ஒரு கொப்புளம் கண்டால் அன்றைய நாளைப் பின்னோக்கி நடந்து பார்ப்பார்கள். சூடான பாத்திரம், விளக்கின் கண்ணாடி, சுத்தியல் பிடியிலிருந்த சிராய் என்று காரணம் அகப்பட்டுக்கொண்டே வந்தது. விளங்காமல் நின்றது ஒன்றுதான். இரவு முழு விரலோடு படுத்தவர் காலையில் விரலின் ஒரு பகுதி இல்லாமல் எழுந்தார். ஓர் இரவு விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது எலி வந்தது. உணர்வற்ற விரலை அது கடித்தபோது படுத்திருந்தவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. அதன் பிறகு வீடு திரும்புவோருக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள் என்று பிராண்ட் எழுதியிருக்கிறார்.

மாணவர்களே, மருத்துவ ஆராய்ச்சியில் ஒரு பூனை சிகிச்சையாக ஆனதை நினைத்துச் சிரிக்கலாம். ஆனால் அங்கே நடந்ததைக் கவனியுங்கள். நூற்றாண்டுகளாக "நோயின் இயல்பு" என்று எழுதி வைத்திருந்த ஒன்று, நோயாளியின் நேற்றைய நாளைக் கேட்டதும் பூட்டாகவும் விளக்காகவும் எலியாகவும் பிரிந்துபோனது. இயல்பை மாற்ற முடியாது. எலியை மாற்ற முடியும். 1955இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சிக்கென்று மருத்துவமனை எழுந்ததும், மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு பரவியதும் இந்த விசாரணையின் தொடர்ச்சி.

பிச்சைக்கு உதவாத கை

அதே கேள்வி பிராண்டையும் சுட்டது. கை நிமிர்ந்து வீடு போன ஒருவர் சில காலத்தில் திரும்பி வந்து, நீங்கள் கொடுத்தது பிச்சைக்கு உதவாத கை என்றாராம். மடங்கிய கையைப் பார்த்தால் காசு போடுவார்கள். நிமிர்ந்த கைக்கு எவரும் போடுவதில்லை. அதே நேரத்தில், தொழுநோய் வந்தவர் என்று வேலையும் கொடுப்பதில்லை. அறுவை வென்றது, மனிதர் பட்டினி கிடந்தார். கைத்தொழில் கற்றுத்தரும் நிலையம் தேவைப்பட்டதன் காரணம் இதுவே. பிராண்ட் கற்ற மரவேலை இங்கே கைகொடுத்தது. அங்கே மரப்பொம்மை செய்தார்கள்.

இந்த நிகழ்ச்சியை ஓர் உருக்கமான கதையாக மேடைகளில் சொல்கிறார்கள். நான் இதை ஓர் ஆய்வு முடிவாகப் படிக்கிறேன். அறுவையின் வெற்றியை விரலின் கோணத்தால் அளந்தபோது கிடைத்த மதிப்பெண் ஒன்று. வாழ்க்கையால் அளந்தபோது கிடைத்தது வேறு. அளவுகோலைத் திருத்தியவர் ஒரு பிச்சைக்காரர்.

வலியைச் செய்து பார்த்தவர்கள்

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் என்ற ஊரிலிருந்த தொழுநோய் மையத்துக்குப் போனார். அங்கே இரண்டு பெரிய முயற்சிகள். ஒன்று வென்றது, மற்றது தோற்றது.

தோற்றதை முதலில் சொல்கிறேன். வலி இல்லாததுதான் குறை என்றால் வலியைச் செய்து கொடுத்துவிடலாமே? கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை உணரும் கருவிகளைப் பதித்தார்கள். அழுத்தம் மிகுந்தால் ஒலி எழும்பும், விளக்கு எரியும். நோயாளிகள் அவற்றைச் சட்டை செய்யவில்லை. பிறகு அக்குளில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவசர வேலை வந்தபோது ஆட்கள் மின்னிணைப்பை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். அணைக்க முடிகிற வலி வலியே இல்லை என்பது அந்த ஆராய்ச்சியின் கண்டுபிடிப்பு. செயற்கை வலித் திட்டம் கைவிடப்பட்டது.

வென்றது பாதம் பற்றியது. உணர்வற்ற பாதத்தில் புண் வருவது ஏன்? ஆணி குத்தினால் வரும், சரி. ஆணியே குத்தாமல் வருவது ஏன்? மயக்கநிலையில் வைத்த எலிகளின் உள்ளங்காலில், தோலைக் கிழிக்காத மிதமான அழுத்தத்தை இயந்திரத்தால் ஆயிரக்கணக்கான தடவை கொடுத்துப் பார்த்தார்கள். முதல் நாள் சிவப்பும் சூடும். நாள்தோறும் தொடர்ந்தால் சில நாட்களில் புண். ஒரு தடவைக்குத் தீங்கில்லாத அழுத்தம், ஓய்வில்லாமல் ஒரே இடத்தில் விழுந்தால் திசுவைக் கொல்கிறது. நீங்களும் நானும் நாலு மைல் நடக்கும்போது நம்மை அறியாமலே பாதத்தைச் சற்றுத் திருப்பி வைக்கிறோம், ஓரத்தில் ஊன்றுகிறோம், நொண்டுகிறோம். உணர்வற்றவர் முதல் அடியைப் போலவே கடைசி அடியையும் வைக்கிறார். நொண்டுவது உடம்பின் ஒரு திறமை என்பதை நான் இந்த ஆய்வைப் படித்துத்தான் அறிந்தேன்.

இங்கிருந்து ஒரு பாதை நேரே நம் வீடுகளுக்கு வருகிறது. சர்க்கரை நோய் முற்றிய பாதத்திலும் இதே உணர்விழப்பு, இதே புண். காலில் பொருந்தி அமரும் நடைமாவுக்கட்டு 1930களில் இலங்கையிலும் இந்தியாவிலும் தொழுநோய்ப் புண்ணுக்குக் கையாளப்பட்டது. எடையை ஓரிடத்தில் குவியவிடாமல் பாதம் முழுக்கப் பரப்புவது அதன் சூட்சுமம். பிராண்டின் வழியாக அமெரிக்கா போய், இன்று சர்க்கரை நோயாளியின் பாதப்புண்ணுக்கு உலகம் முழுதும் மதிக்கும் சிகிச்சையாக நிற்கிறது. சர்க்கரை நோய் மருத்துவமனையில் நைலான் இழை ஒன்றை வைத்துப் பாதத்தில் குத்திப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை. பாதப்புண் வந்தவர்களால் அந்த அழுத்தத்தை உணர முடியவில்லை என்று 1986இல் கார்வில் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு அதற்கு ஓர் அடிப்படை. தொழுநோயாளியிடம் கற்ற பாடத்தில் சர்க்கரை நோயாளியின் கால் பிழைக்கிறது. செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்காத சர்க்கரை மருத்துவர் இன்னும் இருக்கிறார் என்றால், அது ஆராய்ச்சியின் குறை அன்று.

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு துறை

மறுபடி வேலூருக்கு வருவோம். 1954 ஜனவரியில் இளம் மருத்துவர்கள் சிலர் உல்லாசப் பயணம் போன வண்டி விபத்துக்குள்ளானது. கேரளத்தில் 1925இல் பிறந்து வேலூரில் மருத்துவம் படித்த மேரி வர்கீஸ் அதில் முதுகுத்தண்டில் அடிபட்டார். இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை.

பிராண்ட் அவரிடம் ஒரு வழி காட்டினார். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்தத் தொடங்கினார். அறுவைக்குக் காத்திருக்கும் நோயாளி, தன்னைவிட அதிகம் முடங்கிய ஒருவர் கத்தியோடு வருவதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்! பிறகு மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தம் உடம்புக்கே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். அதன்பின் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் இந்தத் துறையைக் கற்றார். இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட விமானப்படையினரைப் பார்த்து, மறுவாழ்வை ஒரு மருத்துவத் துறையாக நிலைநிறுத்தியவர் ரஸ்க். மேரி வேலூர் திரும்பித் துறையை நடத்தினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986இல் மறைந்தார்.

அந்த நிலையத்தின் ஒரு வழக்கத்தை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன். முதுகுத்தண்டு அடிபட்டு அங்கே பயிற்சி பெற்றுப் போன பழைய நோயாளிகள் மீண்டும் கூடும் "ரிஹாப் மேளா" நடக்கிறது. விளையாட்டும் கலைநிகழ்ச்சியும் உண்டு. கூடவே உடல் பரிசோதனை. முதுகுத்தண்டு அடிபட்டவரை வீட்டில் கொல்வது பெரும்பாலும் முதுகுத்தண்டு இல்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும்தான். வார்டில் இருக்கும்வரை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போட ஆள் உண்டு. வீட்டில் யார் புரட்டுகிறார்கள், கழிப்பறைக்குப் படி எத்தனை, நாற்காலி வாசலில் நுழைகிறதா என்பதெல்லாம் ஊருக்குப் போய் வந்தவர் சொன்னால்தான் தெரியும். அதை ஒரு திருவிழாவாக்கிக் கேட்கத் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு.

கைவிடப்பட்ட கை

இப்போது என் கொத்தனாரிடம் வருகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் குரங்குகளின் ஒரு கைக்கு உணர்வு தரும் நரம்பை மட்டும் துண்டித்துப் பார்த்தார். அசைக்கும் நரம்பு அப்படியே இருந்தது. ஆனாலும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவில்லை. நல்ல கையைக் கட்டிவிட்டதும் பயன்படுத்தியது. அந்தக் குரங்குகளை வைத்திருந்த நிலைமை குறித்து 1981இல் எழுந்த வழக்கு விலங்குரிமை இயக்கத்தின் வரலாற்றில் பெரிய திருப்பம். அதை மறைத்துவிட்டு இந்த ஆய்வைப் பேசுவது முறையாகாது.

டாப் கண்டது இது. அடிபட்ட தொடக்கத்தில் கையைத் தூக்கப் பார்க்கிறோம், முடியவில்லை. சோறு சிந்துகிறது, தம்ளர் விழுகிறது, பார்ப்பவர் முகம் சுளிக்கிறார். மற்றக் கையால் செய்தால் வேலை நடக்கிறது. பிறகு நரம்பு தேறினாலும் கை திரும்பி வருவதில்லை. தோல்வியைப் பாடமாகக் கற்றுக்கொண்டுவிட்டது. தமிழில் இதற்குப் புதுச் சொல் தேட வேண்டாம். கைவிடுதல் என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சிகிச்சை எளிது, கடினமானதும்கூட. நல்ல கைக்கு உறை மாட்டிவிடுவது. விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அந்த உறை இருக்க வேண்டும். இரண்டு வாரம் கைவிடப்பட்ட கையாலேயே எல்லா வேலையும். 2006இல் வெளிவந்த எக்சைட் ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரை இரண்டு குழுவாக்கிப் பார்த்தார்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்களின் கை கூடுதலாகத் தேறியது. ஓராண்டு கழித்தும் அந்த வேறுபாடு நிலைத்தது.

அதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அளவுகோல். தசைவலுவோடு நிற்கவில்லை அவர்கள். முப்பது அன்றாட வேலைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, இதை அந்தக் கையால் எவ்வளவு தடவை செய்தீர்கள், எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். நான் கேட்காத கேள்வி! கொத்தனாரின் மனைவி கேட்காமலே விடை சொன்ன கேள்வி!

பட்டியலைப் பார்த்தபோது இன்னொன்றும் தோன்றியது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறப்பது இருக்கிறது, காலுறை மாட்டுவது இருக்கிறது, சாண்ட்விச் சாப்பிடுவதும் இருக்கிறது. சோறு பிசைவது இல்லை. புடவைக் கொசுவம் வைப்பது இல்லை. இரண்டு கையும் சேர்த்துக் கும்பிடுவது இல்லை. கரணை பிடித்துச் சாந்து அள்ளுவது எங்கே இருக்கப் போகிறது? அது அந்த ஆய்வின் பிழையாகாது. அவர்கள் தங்கள் ஊர்க் கையைக் கேட்டார்கள். நம் ஊர்க் கையை நாம்தான் கேட்க வேண்டும்.

பொய்த்த கணிப்புகள்

பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று என் தலைமுறை நம்பியது. நானும் மாணவர்களுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தேன். 2015இல் அவெர்ட் என்ற ஆய்வு வந்தது. ஐந்து நாடுகளில் 56 மருத்துவமனைகள், 2,104 நோயாளிகள். முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அடிக்கடி பயிற்சி கொடுத்தவர்களில் மூன்று மாதத்தில் நன்றாக இருந்தவர்கள் 46 விழுக்காடு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 விழுக்காடு. அவசரம் உதவவில்லை. சற்றுக் கெடுத்தது.

இரண்டாவது ஆய்வு நம் நாட்டுடையது. இந்தியாவில் சிகிச்சையாளர்கள் குறைவு, குடும்பங்கள் உண்டு. குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னால் என்ன? லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியனும் சக ஆய்வாளர்களும் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து நடத்திய அட்டெண்ட் ஆய்வு 2017இல் வெளியானது. ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களும் இரு குழுவிலும் 47 விழுக்காடு. வேறுபாடு இல்லை.

பலருக்கு இது ஏமாற்றம். எனக்கு இதில் ஒரு நிம்மதியும் உண்டு. முடிவு வேறு மாதிரி வந்திருந்தால், சிகிச்சையாளர் பணியிடங்களை நிரப்பத் தேவையில்லை, வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கோப்பு எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? குடும்பம் ஏற்கெனவே தூக்குகிறது, துடைக்கிறது, ஊட்டுகிறது. அதன் தலையில் இன்னொரு சுமையை ஏற்றினால் பலன் தானாக வந்துவிடாது என்று 1,250 பேர் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். இந்த அறக்கட்டளையை நிறுவியவருக்கு அது ஒன்பது ஆண்டுகளாகத் தெரியும். அவரிடம் எவரும் கேட்கவில்லை.

ஒரு விண்ணப்பம்

இந்த அவையில் ஆராய்ச்சித் தலைப்புத் தேடும் மாணவர்கள் இருக்கிறீர்கள். ரோபோ கை, மூளைத் தூண்டல், நுண்ணறிவுக் கருவிகள் என்று பல கவர்ச்சிகள். செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். செயற்கை வலிக் கையுறையும் அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கவர்ச்சிதான். எதைச் செய்தாலும் உங்கள் ஆய்வுப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் இடம் விடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டு, நேற்று காலையிலிருந்து இரவுவரை இந்தக் கை, இந்தக் கால் என்ன செய்தது என்று கேட்டு எழுதுங்கள். நோயாளியிடம் ஒரு தடவை, வீட்டிலிருப்பவரிடம் ஒரு தடவை. இரண்டு விடையும் வேறுபட்டால் அங்கே ஓர் ஆராய்ச்சி காத்திருக்கிறது என்று பொருள். நம் ஊர்க் கைகளுக்கான பட்டியலை நம் மொழியில் செய்யுங்கள். அதற்குப் பெரிய கருவி வேண்டாம். பொறுமையும் தொலைபேசியும் போதும்.

அந்தக் கொத்தனாரை நான் பிறகு பார்க்கவில்லை. பட்டியலைப் படித்த காலத்தில் அவர் கோப்பைத் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அதில் 4 என்றுதான் இருந்திருக்கும். ஓர் உறையும் இரண்டு வாரமும் அவரைத் திரும்பப் பந்தியில் உட்கார வைத்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். உட்கார வைக்கப் பார்த்திருக்கலாம். அதற்கு வேண்டிய செய்தி அன்றே என் மேசைக்கு முன்னால் நின்று பேசியது. நான் அடுத்த நோயாளியை அழைத்துவிட்டேன்.